பீடி சுற்றிய பிள்ளைகளும் பாட்டுக் கேட்டோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எண்பதுகளில் வந்த பாட்டுகளைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் அதில் பாட்டுக் கேட்டவர்கள் எல்லாருமே ஆண்பிள்ளைகள். பாளையங்கோட்டை காலேஜ் ஹாஸ்டல், ஜங்ஷன் டீக்கடை, முதல் நாள் முதல் காட்சி, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் என்று எங்கள் திருநெல்வேலிப் பக்கம் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் சுளகை, அதாவது முறத்தை, மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள், நடுவில் ஒரு ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். அந்த ரேடியோவைக் கேட்டு வளர்ந்தவர்களைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

பீடி சுற்றுகிறவளுக்குக் கையும் கண்ணும் இலையை விட்டு நகராது. நனைத்த இலையைத் தகடு வைத்து வெட்டி, புகையிலைத் தூளைப் போட்டு உருட்டி, நூல் கட்டி, தலையை மடக்கி, 25 பீடியை ஒரு கட்டாகக் கட்டி, கடைக்குக் கொண்டுபோனால் அங்கே இருப்பவர் ஒல்லி, குண்டு என்று கொஞ்சத்தைக் கழித்துப் போடுவார். 1000 பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. இதில் சும்மா இருப்பது காது ஒன்றுதான். ரேடியோ எங்கள் வேலைக்கு இடைஞ்சலாக இருந்ததே இல்லை, ரேடியோ பாடாத நாளில்தான் சுளகு நிறையாது. பேட்டரி வாங்க எல்லாரும் பங்கு போடுவோம், தீர்ந்துபோகிற மாதிரி இருந்தால் வெயிலில் காயவைத்து இன்னும் நாலு பாட்டுக் கேட்டுவிடுவோம்.

கடலுக்கு அந்தப் பக்கம்தானே, சிலோன் ரேடியோ எங்களுக்குத் திருநெல்வேலி வானொலி மாதிரியே தெளிவாக எடுக்கும். அதில் அறிவிப்பாளர் அப்துல் ஹமீது பேசுகிற தமிழுக்காகவே வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிறவர்கள் உண்டு. 1983 ஜூலையில் அங்கே தமிழர்கள் மேல் நடந்த கலவரத்துக்கு அப்புறம் அந்தக் குரல் வரும்போதெல்லாம் அங்கே சனங்கள் எப்படி இருக்கிறார்களோ என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள், நாங்களும் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்போம்.

எனக்கு இருபது வயது இருக்கும்போது வந்த பாட்டு, 'சிந்து பைரவி'யில் சித்ரா பாடிய 'பாடறியேன் படிப்பறியேன்'. 1985இல் வந்த படம், அந்தப் பாட்டுக்குத்தான் அவருக்கு முதல் தேசிய விருது. எங்கள் திண்ணையில் இருந்த எல்லாரும் ஐந்தாம் வகுப்போ எட்டாம் வகுப்போ படித்ததோடு பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். கர்நாடக சங்கீதம், ராகம் எதுவும் எங்களுக்குத் தெரியாது. ஆனால் படிக்காத பெண் தன் பாட்டைத் தலை நிமிர்ந்து பாடுகிற மாதிரி அந்தக் குரல் வந்தபோது, "ஏட்டி, சத்தத்தக் கூட்டு" என்று நாலு பக்கமும் கேட்கும். பாடுகிறவர் மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்துப் பெண், ஏறக்குறைய எங்கள் வயது என்று தெரிந்ததும் இன்னும் நெருக்கமாகிவிட்டார். அதே படத்தில் 'நானொரு சிந்து' வந்தால் என் ஆச்சி மட்டும் தனியாகச் சந்தோஷப்படுவாள், ஏனென்றால் கழுகுமலை முருகன் மேல் காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார் சங்கரன்கோவில் பக்கத்துச் சென்னிகுளத்துக்காரர், சின்ன வயதிலேயே செத்துப்போனவர், அவர் பாட்டு ஆச்சிக்கு மனப்பாடம்.

உங்கள் கட்டுரைக்காரர் படம் பார்த்துப் பாட்டைக் கேட்டவர். எங்களுக்குப் படம் கிடையாது, பாட்டு மட்டும்தான். தியேட்டருக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும், வீட்டில் விட வேண்டும், அரை நாள் கூலி போய்விடும். அதனால் ஒவ்வொருத்தியும் தன் மனசுக்குள் ஒரு படம் வைத்திருந்தோம். 1986இல் வந்த 'மன்றம் வந்த தென்றலுக்கு' என் தோழிக்கு உயிர். எஸ்.பி.பி. பாடியது, வாலி எழுதியது. அவளுக்குப் பம்பாய் தாராவியில் மாப்பிள்ளை பார்த்து முடித்தபோது, தம்பியிடம் சொல்லி ஜங்ஷனில் ஒரு ரெக்கார்டிங் கடையில் 60 நிமிஷக் கேசட்டில் அந்தப் பாட்டை முதலாவதாகப் போட்டுப் பதிந்து கொடுத்தேன். பல வருஷம் கழித்து டிவியில் அந்தப் பாட்டு வருகிற 'மௌன ராகம்' படத்தைப் பார்க்கிறேன், மனசில்லாமல் கட்டிக்கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் கதை. அவள் அதைத் தெரிந்துதான் கேட்டாளா என்று எனக்கு அன்றைக்கு முழுக்க வேலை ஓடவில்லை. அவளிடம் இன்றுவரை கேட்கவில்லை.

பாட்டே இல்லாத ஒரு கேசட்டும் உண்டு, அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க மாட்டேன். இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்', அதுவும் 1986தான். தம்பி கொண்டுவந்தான். தியாகராஜருக்கும் பாக் என்கிற ஜெர்மனிக்காரருக்கும் காணிக்கை என்று அவன்தான் சொன்னான். வயலின் போகிறது போகிறது, யாரும் பாடவில்லை. எங்களில் சிலருக்கு அலுப்பாகி நிறுத்தச் சொன்னார்கள். அப்போது என் சித்தி, கையெழுத்துக்கூடப் போடத் தெரியாதவள், "கோயில்ல நாயனம் கேக்கும்போது வார்த்தையா தேடுதோம்? ஓடட்டும்" என்றாள். ஓடியது. அப்புறம் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் "அந்தப் பேசாத கேசட்டப் போடு" என்று அவளே கேட்பாள். இளையராஜாவைப் பற்றி மேடையில் எத்தனையோ பேர் பேசிக் கேட்டிருக்கிறேன், சித்தி சொன்னதை விட எனக்கு ஒன்றும் புதிதாகக் கிடைக்கவில்லை.

கல்யாணம், பிள்ளைகள் என்று ஆன பிறகு 'ரோஜா' எல்லாம் வந்தது, அதுவும் பிடித்தது, ஆனால் அதற்குள் தெருவில் டிவி வந்துவிட்டது, ஆளாளுக்கு வீட்டுக்குள் போய்விட்டோம்.

ஐயா, அடுத்த முறை பழைய பாட்டைப் பற்றி எழுதும்போது ஒரு நிருபரை எங்கள் பக்கம் அனுப்புங்கள். பெண் நிருபராக இருந்தால் இன்னும் நல்லது, மனசு விட்டுப் பேசுவார்கள். எந்தப் பாட்டு எந்தத் தையில் வந்தது, அப்போது யாருக்குக் கல்யாணம், யார் வீட்டில் துக்கம் என்று வரிசையாகச் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். புகையிலைத் தூளில் இருமல் வந்தவர்கள், கண் மங்கியவர்கள் நிறைய, அதனால் தள்ளிப்போடாதீர்கள். என் கேசட்டுகளும், கடைக்காரர் பேனாவால் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்த அட்டைகளும் பத்திரமாக இருக்கின்றன. படம் எடுத்துப் போட வேண்டுமென்றால் தருகிறேன், திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
முக்கூடல்.