தவணை நின்றுபோகட்டும்

பாளையங்கோட்டை,
லெந்து காலத்து மூன்றாம் ஞாயிறு.

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. தேவகிருபையால் நானும் அம்மாவும் சுகமாயிருக்கிறோம். நீ அனுப்பிய 12,000 ரூபாய் வழக்கம்போல 5ஆம் தேதி காலையிலேயே வந்து சேர்ந்தது. வங்கியின் குறுஞ்செய்தி வந்த சத்தம் கேட்டபோது அம்மா அடுப்படியில் இருந்தாள். கண்ணாடியைத் தேடாமலும் எழுத்தைப் பார்க்காமலும் அது இன்னதென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கைப்பேசியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, "பிள்ளை வரல, தவணை வந்துட்டு" என்று சொல்லிவிட்டுச் சோறு வடிக்கப் போய்விட்டாள். குறையாகச் சொல்லவில்லை, பால்காரர் வந்துவிட்டார் என்பதுபோலத்தான் சொன்னாள். ஆனாலும் அந்தச் சொல் என்னை விடவில்லை.

போன வாரம் நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு நான் அப்போது பதில் சொல்லாமல் மழுப்பினேன். உன் பழைய கூட்டாளி இத்தனை வருடங்களுக்குப் பிறகு மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பியிருக்கிறான் என்றும், மன்னித்துவிட்டால் அவன் செய்தது சரியென்று ஆகிவிடாதா என்றும் கேட்டாய். அதற்குப் பேச்சில் பதில் சொன்னால் நான் பிரசங்கம் செய்துவிடுவேன் என்று பயந்து, காகிதத்தில் எழுதுகிறேன். இதிலும் கொஞ்சம் பிரசங்கம் வரத்தான் செய்யும். முப்பத்திரண்டு வருடம் வாத்தியார் வேலை பார்த்தவனின் கை அப்படித்தான் எழுதும், பொறுத்துக்கொள்.

மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் வரும் கடன்பட்ட ஊழியக்காரனின் உவமையை ஓய்வுநாள் பள்ளியில் நீ மனப்பாடமாகச் சொல்லிப் பரிசு வாங்கியவன். ராஜாவுக்கு அவன் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து என்பது ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். அப்படியானால் அவன் பட்டது ஆறு கோடி நாள் கூலி. வருடத்துக்கு முந்நூறு நாள் உழைத்தாலும் அடைத்து முடிக்க இரண்டு லட்சம் வருடம் ஆகும். அப்படிப்பட்டவன் ராஜாவின் காலில் விழுந்து என்ன கேட்டான் என்பதை மறுபடியும் வாசித்துப் பார். "என்னிடத்தில் பொறுமையாயிரும், எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்றான். அவன் மன்னிப்புக் கேட்கவே இல்லை, தவணைதான் கேட்டான். ராஜாவோ தவணை கொடுக்காமல் கடனையே தள்ளிவிட்டார். கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று. கிடைத்ததை அவன் வாங்கிக்கொண்டானா என்பதுதான் எனக்கு இத்தனை நாள் தோன்றாத சந்தேகம். வெளியே வந்தவுடன் நூறு வெள்ளிப்பணம் கடன்பட்ட உடன்வேலைக்காரனின் தொண்டையை நெரித்தானே, ஏன்? நன்றிகெட்டவன் என்று நானே வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இப்போது வேறுவிதமாகத் தோன்றுகிறது. தன் கடன் தள்ளப்பட்டதை அவன் நம்பவில்லை போலும். எப்படியாவது கட்டித் தீர்க்க வேண்டும் என்ற நினைப்போடே வெளியே வந்தவனுக்கு, எதிரே வந்தவன் வசூல் செய்ய வேண்டிய ஆளாகத்தானே தெரிவான்?

தம்பி, நீ உன் கூட்டாளியைப் பற்றிக் கேட்டாய். நான் உன்னைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். அவனோடு நீ வைத்த கூட்டுக்காக அடகுக்குப் போன நம் வீட்டு நகை ஏலம் போய் எட்டு வருடங்கள் ஆகின்றன. பதினோரு பவுனும் போன அன்று இரவு நீ திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, "போனது போகட்டும், நீ சாப்பிட வா" என்று அம்மா உன்னைக் கூப்பிட்டாள், நானும் அதையே சொன்னேன். அதற்குப் பிறகு நீ சார்ஜாவுக்குப் போனாய். தங்கச்சி கல்யாணத்துக்கு வந்து நான்கு நாள் இருந்தாய். அந்த நான்கு நாளும் விருந்தாளியைப் போல, கேட்டுக் கேட்டுத் தண்ணீர் குடித்தாய். மாதம் தவறாமல் பணம் வருகிறது. கிறிஸ்துமஸ் ஏழு கடந்துவிட்டது.

யோசேப்பின் சகோதரர்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன். எகிப்தில் யோசேப்பு தன்னை வெளிப்படுத்தி, அவர்களைக் கட்டிக்கொண்டு அழுது, முத்தமிட்டு, கோசேன் நாட்டில் குடியேற்றி வைத்தான். அவர்கள் தகப்பன் யாக்கோபு அங்கே 17 வருடம் உயிரோடிருந்தார். அந்தப் பதினேழு வருடமும் அவர்கள் அவன் கொடுத்த தானியத்தைத்தான் சாப்பிட்டார்கள். ஆனால் தகப்பன் மரித்தவுடன், யோசேப்பு நம்மைப் பகைத்துச் சரிக்குச் சரி கட்டுவான் என்று பயந்து ஆள் அனுப்பினார்கள்; அப்புறம் தாங்களே வந்து விழுந்து, நாங்கள் உமக்கு அடிமைகள் என்றார்கள். குழியில் போட்டு விற்ற குற்றம் என்றோ மன்னிக்கப்பட்டிருக்க, அவர்கள் பதினேழு வருடமும் பயத்திலேயே சாப்பிட்டிருக்கிறார்கள். அதைக் கேட்டபோது யோசேப்பு அழுதான் என்று வேதம் சொல்கிறது. அந்த அழுகை எனக்கு இப்போதுதான் புரிகிறது.

இதில் என் பங்கு ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் உன்மேல் மட்டும் எழுதினால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். தங்கச்சி கல்யாணத்துக்கு முன்பு, மாப்பிள்ளை வீட்டார் வந்துபோன இரவு, தொலைபேசியில் உன்னிடம், "அந்த நகை இருந்திருந்தால் இன்று நான் யாரிடமும் கை நீட்ட வேண்டியிருந்திருக்காது" என்று சொன்னேன். நீ ஒன்றும் பேசவில்லை. மன்னித்தேன் என்று ஒரு வாயால் சொல்லி, அதே வாயால் கணக்கை நினைவுபடுத்தியவன் நான். அதுமட்டுமல்ல, ஏல நோட்டீஸை என் வேதாகமத்தின் உறைக்குள் மடித்து வைத்திருந்தேன். எதற்கு வைத்தேன் என்று கேட்டால் எனக்கே விடை தெரியாது. நேற்று அதை எடுத்துக் கிழிக்கப் போனபோது பின்பக்கத்தில் அம்மாவின் கையெழுத்து இருந்தது. பச்சரிசி மாவு இரண்டு கிலோ, தேங்காய் மூன்று, முட்டை ஆறு என்று போன கிறிஸ்துமஸ் அச்சு முறுக்குக்கு அளவு எழுதி வைத்திருக்கிறாள். அதைப் பார்த்திருக்கிறாள், படித்திருக்கிறாள், அவசரத்துக்கு ஒரு காகிதமாக எடுத்து எழுதியுமிருக்கிறாள். நான் பொக்கிஷம்போலப் பூட்டி வைத்த குற்றச்சாட்டு அவளுக்கு வெறும் காகிதமாகியிருக்கிறது. மகனே, நான் அன்று சொன்ன அந்த வார்த்தைக்காக என்னை மன்னித்துக்கொள். இத்தனை நாளும் இதைக் கேட்காமல் விட்டதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள்.

இனி உன் கூட்டாளியின் காரியத்துக்கு வருகிறேன். அவனுடைய தகப்பனார் நம் கோயிலில்தான் ஆராதிக்கிறார் என்பது உனக்குத் தெரியும். அவரைப் பார்க்க நேராமலிருக்க, இரண்டாம் வரிசையில் உட்காரும் நான் கடைசி வரிசைக்கு மாறினேன். மின்விசிறிக் காற்றுக்காக என்று அம்மாவிடம் சொன்னேன். மூன்று வருடம் இப்படிப் போனது. ஒரு திருவிருந்து ஞாயிறன்று அவர் தாமதமாக வந்து, வேறு இடமில்லாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நம் சபையின் முறைப்படி குருவானவர் கொடுக்கும் சமாதானம் கைமாறிக் கைமாறி வரிசை வரிசையாக வருமல்லவா? அன்று அது அவர் கையிலிருந்துதான் எனக்கு வர வேண்டியிருந்தது. வலது உள்ளங்கையை என் வலது உள்ளங்கையில் வைத்து, இடது கையால் மேலே மூடினார். கை நடுங்கியது, கோடாலித் தைல வாசனை அடித்தது, கட்டைவிரல் நகம் பிளந்திருந்தது. சொல்ல வேண்டிய வார்த்தையை அவரால் சொல்ல முடியவில்லை. நான் பிடித்த கையை உடனே விடவும் முடியாது, பிடித்தபடியே நிற்கவும் முடியாது. அந்தப் பக்கம் ஒரு பையன் கையை நீட்டிக் காத்திருந்தான், அவனுக்குக் கொடுக்க வேண்டும்.

அன்றோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். செவ்வாய்க்கிழமையே பழைய கசப்பு திரும்பி வந்துவிட்டது. எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று பேதுரு கேட்டதற்கு இயேசு "ஏழெழுபதுதரமட்டும்" என்றாரே, அது நானூற்றுத் தொண்ணூறு புதுப்புது குற்றங்களுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். ஒரே குற்றத்தை, அது நினைவுக்கு வரும் ஒவ்வொரு தடவையும் மன்னிப்பதற்கும் அந்தக் கணக்கு தேவைப்படுகிறது. ஆகவே அவனை மன்னிக்க நினைத்து, மறுநாள் உனக்கு மனம் கொதித்தால், நீ மன்னிக்கவே இல்லை என்று உன்னைச் சந்தேகிக்காதே; மறுபடியும் மன்னி.

அவன் செய்தது சரியென்று ஆகிவிடாதா என்று கேட்டாய். ஆகாது. உவமையில் அந்த இரண்டாவது கடன் நூறு வெள்ளிப்பணம். நம் கிராமத்தில் நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களிடம் நூறு நாள் கூலி சிறிய தொகையா என்று கேட்டுப் பார். அவனால் நீ இழந்தது பெரிது. அது ஒன்றுமில்லை என்று பொய் சொல்லி மன்னிக்க ஆண்டவர் கேட்கவில்லை. நீ சிறுவனாக இருந்தபோது, 1999 ஜனவரி 22ஆம் தேதி இரவு, ஒடிசாவின் மனோகர்பூர் கிராமத்தில் மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவர் பிள்ளைகளான பத்து வயது பிலிப்பையும் ஆறு வயது தீமோத்தேயுவையும் வண்டிக்குள் வைத்து எரித்தார்கள். கோயிலில் அந்த ஞாயிறு பெண்கள் பக்கம் அழுகைச் சத்தம் அடங்கவில்லை. அவருடைய மனைவி கிளாடிஸ், தண்டிக்கும் எண்ணம் தன் மனதில் இல்லை, அவர்கள் மனந்திரும்ப வேண்டும் என்பதே தன் விருப்பம் என்று விசாரணை ஆணையத்தில் எழுதிக் கொடுத்தார். பின்பும் பாரிபாதாவிலேயே தங்கி, கணவர் நடத்திவந்த தொழுநோயாளர் இல்லத்தின் பணியை 2004 வரை தொடர்ந்தார். அவர் மன்னித்ததால் வழக்கு நின்றுவிடவில்லை. முதல் குற்றவாளிக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சட்டம் செய்ய வேண்டியதைச் சட்டம் செய்தது. அவர் தம் நெஞ்சில் செய்ய வேண்டியதை அவர் செய்தார். அதுபோல, நீ அவனை மன்னிப்பதால் மறுபடியும் அவனோடு கூட்டு வைக்க வேண்டும் என்றோ, கேட்டால் பணம் கொடுக்க வேண்டும் என்றோ இல்லை. யோசேப்புகூடத் தன்னை வெளிப்படுத்துமுன் பென்யமீனின் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை வைத்து, அண்ணன்மார் மாறியிருக்கிறார்களா என்று பார்த்தவன்தான். அவனுடைய செய்திக்கு ஒரு வரியாவது பதில் எழுது. என்ன எழுதுவது என்பது உன் பொறுப்பு. நான் வார்த்தை சொல்லித் தர மாட்டேன். அவனுடைய தகப்பனாருக்குச் சர்க்கரை அதிகமாகி ஒரு விரலை எடுத்துவிட்டார்கள் என்பதை மட்டும் தெரிந்துகொள்.

வரும் 5ஆம் தேதி பணம் அனுப்பாதே. அம்மாவுக்கு மருந்துக்கும் வீட்டுச் செலவுக்கும் என் ஓய்வூதியம் போதும். தேவை வந்தால் மகனிடம் கேட்பதுபோல வாய்திறந்து கேட்பேன், அப்போது கொடு. அந்தப் பணத்தில் ஈஸ்டருக்கு ஒரு டிக்கெட் எடு. திருவனந்தபுரத்துக்கா மதுரைக்கா என்று அம்மா கேட்கச் சொன்னாள். திருவனந்தபுரம் என்றால் எதிர்வீட்டுத் தம்பியிடம் காருக்கு இப்போதே சொல்லி வைக்க வேண்டுமாம், பண்டிகை நேரத்தில் வண்டி கிடைக்காது.

இப்படிக்கு,
உன் அப்பா