மரைன் டிரைவில் எங்களுக்காக நின்றவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை கொழும்பு வெள்ளவத்தையில் தொடங்கி, மரைன் டிரைவ் வழியாகக் கொள்ளுப்பிட்டி வரை போய்த் திரும்பிய 10 கிலோமீற்றர் ஓட்டம் நல்லபடியாக முடிந்தது. முதல்நாள் இலக்கத் துண்டு கொடுக்கும் மேசையில் இருந்தேன், அன்று காலை ஓடினேன், ஓடி முடித்ததும் தண்ணீர் மேசைக்குப் போனேன். ஓடும்போது கண்ணில் படாத எத்தனையோ வேலைகளை அருகில் நின்று பார்க்கக் கிடைத்தது. ஒலிபெருக்கியில் சொன்ன ஒரு வரி நன்றி அவற்றுக்குப் போதாது.

முதலில் ஒழுங்கை முனைகளில் நின்றவர்களுக்கு. மரைன் டிரைவின் ஒரு பக்கம் ரயில் பாதையும் கடலும். மறுபக்கம் காலி வீதியிலிருந்து இறங்கி வரும் ஒழுங்கைகள், ஒன்று விட்டால் இன்னொன்று. எந்த ஒழுங்கையிலிருந்தும் எந்த நேரமும் ஒரு முச்சக்கர வண்டி வெளியே வரலாம். அதனால் முனைக்கு ஓர் ஆளாவது வேண்டும். சாரணப் பிள்ளைகளே, விடியுமுன்பே வந்து நின்றீர்கள். காலைப் பூசைக்கும் சந்தைக்கும் அவசரமாகக் கிளம்பியவர்களைத் தமிழிலும் சிங்களத்திலும் பணிவாகக் கேட்டு நிறுத்தி, இடைவெளி கிடைத்ததும் விட்டீர்கள். உங்களோடு நின்ற போக்குவரத்துப் பொலிஸாருக்கும், வாகனத்தை வெளியே எடுக்காமல் பொறுத்துக்கொண்ட ஒழுங்கைக் குடும்பங்களுக்கும் நன்றி.

தண்ணீர் மேசையைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும். கொழும்புக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை எளிதில் காயாது, காயாவிட்டால் உடம்பு குளிராது. வேகமாக ஓடுபவர்கள் வெயில் ஏறுமுன் முடித்துவிடுவார்கள். மெதுவாக வருபவர்களுக்குத்தான் வெயிலும் கூட, நேரமும் கூட. ஆனால் அவர்கள் வந்து சேரும்போது மேசையில் வெறும் கோப்பைகள் மட்டும் கிடப்பதைப் பல ஓட்டங்களில் பார்த்திருக்கிறேன். இந்த முறை அப்படி நடக்கவில்லை. மேசைக்குப் பொறுப்பாக இருந்த அக்காமார் ஆடிவேல் திருவிழாக் காலத்தில் தாகசாந்திப் பந்தலில் நின்று பழகியவர்கள். ஊர்வலத்தின் கடைசியில் வருபவருக்குத்தான் தாகம் அதிகம் என்பது அவர்களுக்குத் தெரியும். பாதித் தண்ணீரைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி, யார் கேட்டும் தொடவிடவில்லை. வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்துவிடும் என்று, உப்பும் சீனியும் சேர்ந்த ஜீவனித் தூளும் பொதியில் சொன்ன அளவில் கரைத்து வைத்திருந்தார்கள். அக்காமாரே, அன்று நான் பார்த்த வேலைகளில் மிகப் பெரியது உங்களுடையதுதான்.

முதலுதவிக் கூடாரத்துக்குப் பனிக்கட்டி கேட்டதும், மீன் கடை நானா பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து இறக்கினார், காசு வாங்கவில்லை. வெயிலில் ஒருவர் சுருண்டு விழுந்தால் உடம்பை உடனே குளிர்விப்பதுதான் முதல் வேலை, அப்புறம்தான் ஆஸ்பத்திரி. நல்லவேளை, 1990 அம்புலன்ஸை அழைக்கும் நிலை யாருக்கும் வரவில்லை. தசைப்பிடிப்போடு வந்தவர்களை உட்காரவைத்து, கால் நீவி, தேறிய பிறகே அனுப்பிய தாதியருக்கும் நன்றி.

கடைசி ஆளுக்குப் பின்னால் நடந்துவந்த தம்பிமார் இருவரையும் நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. கடைசியாக வந்த அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல். பாதி தூரத்தில், பிந்தி வருபவர்களை ஏற்றும் வண்டியில் ஏறச் சொல்வார்களோ என்று பயந்தாராம். நீங்கள் அந்தப் பேச்சையே எடுக்காமல், 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் தடகளத்தில் 1500 மீற்றரில் தங்கம் வென்ற எங்கள் முல்லைத்தீவு அகிலத்திருநாயகியின் கதையைச் சொல்லியே அவரை முடிவுக் கோடு வரை கூட்டிவந்தீர்கள். அவர் வரும்வரை நேரக் கடிகாரத்தை நிறுத்தாமல் வைத்திருந்தவர்களுக்கும் சேர்த்து இந்த நன்றி.

காற்று எடுத்துப்போய் ரயில் பாதையில் போடுமுன் கோப்பைகளை எல்லாம் பொறுக்கிய இளைஞர்களே, பின்னால் வந்து வீதியைக் கூட்டிய மாநகர சபைத் தொழிலாளர்களே, உங்களுக்கும் மனமார்ந்த நன்றி.

தொண்டர்களில் சிலருக்கு ரீசேட்டும் சான்றிதழும் இன்னும் போய்ச் சேரவில்லை. அவை பத்திரமாக இருக்கின்றன. எந்த முனையில் நின்றீர்கள் என்று உங்கள் குழுப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள், வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம்.

நன்றியுடன்,
உங்களோடு ஓடிய, உங்களோடு நின்ற ஒருத்தி
வெள்ளவத்தை