காயகல்பத்துக்கு 45 நிமிடம் போதாது

செட்டிநாட்டுப் பழைய வீடுகளை விடுதிகளாக்கி நடத்தும் அன்பர்களுக்கு,

வணக்கம். தேக்குத் தூண்களையும் நிலைக்கதவுகளையும் பெயர்த்து விற்றுவிட்டு எத்தனையோ பேர் போய்விட்ட ஊர்களில், நீங்கள் வீடுகளைப் பூட்டாமல் விளக்கேற்றி வைத்திருக்கிறீர்கள். அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

போன தையில் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தபோது உங்களைப் போன்ற ஒருவருடைய விடுதியில் தங்கினோம். இரண்டாங்கட்டில் ஓர் அறை வாசலில் பலகை தொங்கியது: ‘காயகல்பம் – 45 நிமிடம்’. உள்ளே நடந்தது எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடுவது. நல்ல கைப்பழக்கமுள்ள பெண், வலி தீர்ந்துதான் எழுந்தேன். ஆனால் அந்தச் சொல் என்னை விடவில்லை.

காயம் என்றால் உடம்பு. கற்பம் என்றால் ஊழிக்காலம், ஆயுளை நீட்டும் மருந்து என்று இரண்டு பொருளும் உண்டு. வடமொழி ஒலிப்போடு சொன்னால் கல்பம். சித்த மருத்துவம் உள்ளுக்குச் சாப்பிடும் மருந்துகளை 32 வகையாகப் பிரிக்கிறது. அதில் கற்பமும் ஒன்று. கவனியுங்கள், அது அக மருந்து. பூசுவது, தேய்ப்பது எல்லாம் புற மருந்து, அதற்குத் தனியாக 32 வகை இருக்கிறது. கற்பத்தை ‘உண்டார்கள்’ என்றுதான் சொல்வார்கள். ஒரு மண்டலம், அதாவது 48 நாள், பத்தியம் காத்து, புளியும் உப்பும் குறைத்து உண்பார்கள். நரை, திரை, மூப்பு மூன்றையும் தள்ளிப்போடுவதுதான் அதன் நோக்கம். திரை என்பது தோல் சுருக்கம். ஆயுர்வேதத்தில் இதற்கு நெருங்கிய சொல் ரசாயனம். ஆண்மைக்கான வாஜீகரணம் அங்கேயே வேறு பிரிவு. ‘வாலிப வயோதிக அன்பர்களே’ என்று கூப்பிட்ட லாட்ஜ் வைத்தியர்களின் விளம்பரங்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டன. அந்தக் கறையே இன்னும் போகவில்லை. நீங்களும் அதை மசாஜுக்குப் பெயராக்க வேண்டாம்.

என் அப்பத்தா ராத்திரி படுக்கும் முன் கடுக்காய்த் தூளை வெந்நீரில் கலந்து குடிப்பார். கொட்டையை எடுத்துவிட்டுத் தோலை மட்டும் இடிப்பார். ‘கற்பம்’ என்று ஒருநாளும் பெரிதாகச் சொன்னதில்லை, ‘உடம்புக்கு நல்லது’ என்பதோடு சரி.

அதே கடுக்காய் உங்கள் வீட்டுச் சுவரிலும் இருக்கிறது. சுண்ணாம்பை ஊறவைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்து, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு கலந்து, கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுவர் அது. நூறு வருஷம் கழித்தும் முகம் தெரிகிற மாதிரி பளபளக்கிறது. அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் உள்ளுக்குள்ளேயே உதிரும். பழுதான இடத்தைப் பழைய முறையிலேயே சுண்ணாம்பு அரைத்துப் பூசுகிறீர்களா? அதை ‘வீட்டுக்குக் காயகல்பம்’ என்று தாராளமாகச் சொல்லுங்கள், நான் மறுக்க மாட்டேன். பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் அது வெறும் பெயிண்ட்.

நமக்குச் சொல்லுக்கா பஞ்சம்? கோயிலைப் புதுப்பித்தால் திருப்பணி, ஊருணிக்குத் தூர் வாருதல். களைப்புத் தீர்ந்து எழுந்தால் புத்துணர்ச்சி. சாகக் கிடந்தது பிழைத்தால் புத்துயிர். ஆங்கிலக்காரர்கள் ரிஜுவனேஷன் என்பதும் இளமை என்ற லத்தீன் வேரிலிருந்து வந்ததுதான். அதை அவர்கள் சோப்புக்கும் சொல்வார்கள், தலையணைக்கும் சொல்வார்கள். அதற்கு ஈடாக அகராதியில் காயகல்பத்தைத் தேடி எடுக்க வேண்டியதில்லை.

அந்தப் பலகையில் ‘எண்ணெய்த் தேய்ப்பு – 45 நிமிடம்’ என்று மாற்றி எழுதுங்கள். வெளியூர்க்காரர் யாராவது காயகல்பம் என்றால் என்ன என்று கேட்டால் வளவுக்கு, அதாவது உள்முற்றத்துக்கு, கூட்டிப்போய் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கையில் ஒரு கடுக்காயையும் கொடுங்கள்.

அன்புடன்,
காரைக்குடியில் பிறந்த ஒருத்தி