ஸ்டூடியோவில் அழிக்கிற தழும்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில், முகப்பருவுக்கு எலுமிச்சைச் சாறும் டூத் பேஸ்ட்டும் தடவச் சொல்லி ஒரு குறிப்பு வந்திருந்தது. இரண்டுமே தோலை எரிய வைக்கும். பரு போன இடம் இன்னும் கறுக்கும். அதுகூடப் பரவாயில்லை. கடைசி வரிதான் உறுத்தியது: முகத்தைச் சுத்தமாக வைத்திருந்தால் தழும்பே வராதாம். அப்படியானால் தழும்பு உள்ளவர்கள் எல்லாம் மூஞ்சி கழுவாதவர்களா?

முப்பது வருஷமாக போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். என் கன்னத்திலும் பருக்குழிகள் உண்டு. பிலிம் காலத்தில் நெகட்டிவைக் கண்ணாடிமேல் வைத்து, அடியில் விளக்கைப் போட்டு, ஊசிபோலச் சீவிய பென்சிலால் ஒவ்வொரு குழியாகத் தொட்டு நிரப்புவோம். ஒரு முகத்துக்கு அரை மணி நேரம் ஆகும். இப்போது கம்ப்யூட்டரில் இரண்டு நிமிஷம். கேட்காமலே செய்துவிடுகிறோம்.

வம்பு வருவது வரனுக்கு அனுப்பும் படத்தில்தான். போன தை மாதம் ஒரு அம்மா, மகளின் படத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டார். "படத்துல முகம் பளிங்காட்டம் இருந்துச்சே, நேர்ல இப்படி இருக்கே" என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்களாம், கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு. எனக்குப் பதில் வரவில்லை. பளிங்காக்கியவன் நான்தானே.

எங்கள் அப்பத்தாவுக்கு முகம் முழுக்க அம்மைத் தழும்பு. ஆத்தா முத்துப் போட்டுவிட்டுப் போனாள் என்பார்கள். அந்தத் தழும்பையும் யாரும் கொண்டாடவில்லை, வசவும் இருந்தது. ஆனால் "நீ என்ன தப்புப் பண்ணினாய்" என்று அப்பத்தாவை யாரும் கேட்டதில்லை. 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை கிடையாது. அந்த முகங்களும் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்துவிட்டன. இன்று குழி விழுந்த கன்னத்தைக் கண்டால் நேராக விசாரணைதான். கிள்ளிக்கிட்டே இருந்தியா? எண்ணெய்ப் பலகாரமா? தலையில பொடுகா? ராத்திரி தூங்குறதில்லையா?

தோல் டாக்டர் எனக்கு விளக்கியது இவ்வளவுதான்: விடலை வயதில் ஹார்மோன் ஏறுகிறது, எண்ணெய்ச் சுரப்பி கூடுதலாகச் சுரக்கிறது, மயிர்க்கால் அடைத்துக்கொள்கிறது. அது தோலுக்குள்ளேயே உடைந்து வீங்கினால், அந்த இடத்தில் தோலைத் தாங்கிநிற்கும் கொலாஜன் என்ற புரதம் அழிந்து குழி விழுகிறது. பரம்பரையும் ஒரு காரணம். கிள்ளினால் மோசமாகும், வாஸ்தவம்தான். கிள்ளாதவர்களுக்கும் விழும். சோப்புப் போடுவதால் இதெல்லாம் நின்றுவிடாது.

இந்த விசாரணைக்குப் பயந்து பிள்ளைகள் மெடிக்கலில் கை நீட்டி ஏதோ ஒரு ட்யூப் வாங்கித் தடவுகிறார்கள். 14 வகை ஸ்டீராய்டு மருந்துகளில் ஏதாவது ஒன்று கலந்த களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டுவிட்டது. எங்கள் தெருவில் சீட்டு கேட்டு நான் பார்த்ததில்லை. பத்து நாள் முகம் பளபளக்கும். அப்புறம் தோல் மெலிந்து சிவந்து, பரு முன்னைவிட அதிகமாகக் கிளம்பும்.

2015-ல் 'பிரேமம்' என்ற மலையாளப் படத்தில் சாய் பல்லவி கன்னத்துப் பருக்களோடே வந்தார். மலர் டீச்சர் என்று எங்கள் ஊர்ப் பையன்களும் உருகினார்கள். அதே பையன்கள்தான் இப்போது பெண் பார்த்துவிட்டு வந்து, "முகம் கொஞ்சம் கிளியரா இல்லண்ணே" என்று என்னிடமே சொல்கிறார்கள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே!

இணைப்பிதழில் அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, தோல் மருத்துவர் ஒருவரிடம் கேட்டு எழுதுங்கள். குழி விழுந்த தழும்பு வீட்டு வைத்தியத்தில் மறையாது என்பதையாவது போடுங்கள்.

நானும் அந்த தை மாதத்திலிருந்து, கேட்டுவிட்டுத்தான் கை வைக்கிறேன். "தழும்பை எடுக்கணுமா, இருக்கட்டுமா?" இதுவரை இருக்கட்டும் என்றவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஓய்வுபெற்ற வாத்தியார். இன்னொருவன் போலீஸ் தேர்வுக்கு விண்ணப்பிக்க வந்த பையன். முகம் மாறிப்போனால் ஹாலுக்குள் விடமாட்டார்களோ என்று அவனுக்குப் பயம்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டூடியோக்காரர்,
விருதுநகர்.