எஞ்சினை இறக்குவது கடைசி வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வில்லிஸ் ஜீப்பில் காமன் ரயில் (எல்லா சிலிண்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் பீய்ச்சும்) டீசல் எஞ்சினைப் பொருத்துகிறவர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அழகு. ஆனால் பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டுப் புதியதை இறக்கினால் வண்டி புதுசாகிவிடும் என்ற தொனி கட்டுரை முழுக்க இருக்கிறது. அதை நம்பிப் பட்டறைக்குப் போகிறவர்களுக்குச் சில விவரங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

கட்டுரையில் உள்ள வண்டி, மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் உரிமத்தில் இங்கே தயாரித்த சிஜே-3பி. அதன் ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின் 2,199 சி.சி.; முறுக்குவிசை சுமார் 155 நியூட்டன் மீட்டர். இன்டேக் வால்வு சிலிண்டருக்கு மேலே, அதன் தலையிலேயே இருப்பதால் எஞ்சின் உயரம். அதற்காகவே பானெட்டையும் உயர்த்தினார்கள். இன்றைக்கு வேறு எஞ்சின் அதில் அடங்குகிறது என்றால் அந்த உயரமும் ஒரு காரணம். மஹிந்திராவின் பழைய தார் ஜீப்பில் வந்த 2,498 சி.சி. சி.ஆர்.டி.இ. (காமன் ரயில் டீசல்) எஞ்சின் கொடுப்பது 105 குதிரைத்திறன், 247 நியூட்டன் மீட்டர். கட்டுரை இந்த இரண்டு எண்களோடு நின்றுவிட்டது. அந்த விசை எங்கே போய் இறங்குகிறது என்று பார்ப்போம்.

பழைய மூன்று கியர் டி-90 பெட்டியில் முதல் கியர் 2.798. விசையை முன், பின் ஆக்சிலுக்குப் பிரிக்கும் டானா 18 டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ (மெதுவான கியர்) 2.46. ஆக்சில் விகிதம் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37. ஆக, ஹரிக்கேன் எஞ்சினில் சக்கரத்துக்கு வருவது அதிகபட்சம் சுமார் 5,700 நியூட்டன் மீட்டர், சி.ஆர்.டி.இ.யில் சுமார் 9,100. மண்ணில் டயர் வழுக்கிவிட்டால் பிழைத்தது. பாறை இடுக்கில் ஒரு சக்கரம் சிக்கி மற்றவை வழுக்காமல் நின்றால், அத்தனை விசையும் எது பலவீனமோ அதைத்தான் தேடிப் போகும். சிஜே-3பி-யில் அது பெரும்பாலும் பின் ஆக்சில். அதில் சக்கரம் மாட்டும் ஹப், கூம்பு வடிவ ஷாஃப்ட்டின் மேல் ஒரு சாவியோடு (இரண்டையும் பூட்டும் சிறு இரும்புக் கட்டை) உட்கார்ந்திருக்கிறது. நட்டை 200 நியூட்டன் மீட்டருக்குக் குறையாமல் இறுக்காவிட்டால் ஹப் அசையும், சாவி வெட்டுப்படும், பிறகு ஷாஃப்ட்டின் சாவிப்பள்ளத்திலிருந்து விரிசல் ஓடும். எஞ்சின் வாங்கும் முன்பே பின் ஆக்சிலைப் பிரித்துப் பார்த்து, முடிந்தால் ஹப்பும் ஷாஃப்ட்டும் ஒரே துண்டாக உள்ள ஃபிளாஞ்ச் ஷாஃப்ட்டுக்கு மாறிவிட வேண்டும். முன் ஆக்சில் இன்னும் சிறியது. அதற்கு மருந்து ஓட்டுபவரின் வலது காலில்தான் இருக்கிறது.

அடுத்தது வேகக் கணக்கு. 6.00-16 டயரோடு, நேரடி டாப் கியரில், 80 கி.மீ. வேகத்துக்கு எஞ்சின் சுமார் 3,200 சுற்று சுற்ற வேண்டும். சி.ஆர்.டி.இ.யின் விசை உச்சத்தில் இருப்பதோ 1,800 முதல் 2,000 சுற்றில். பழைய கியர் பெட்டியை வைத்துக்கொண்டால் நெடுஞ்சாலையில் எஞ்சின் கத்திக்கொண்டேதான் ஓடும். ஐந்தாவது கியர் 0.8 அளவில் உள்ள பெட்டி போட்டால் அதே வேகத்துக்கு 2,550 சுற்று போதும். ஆனால் எஞ்சினோடு வரும் ஐந்து கியர் பெட்டியையும் அதன் டிரான்ஸ்ஃபர் கேஸையும் அப்படியே தூக்கி வைக்க முடியாது. சிஜே-3பி-யில் முன், பின் இரண்டு டிஃபரன்ஷியலும் வலது பக்கம் ஒதுங்கியவை. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் வலது ஓரமாகவே ஓடுகிறது. நடுவில் அவுட்புட் உள்ள கேஸைப் போட்டால் ஷாஃப்ட் குறுக்காக ஓடும், இரண்டே மாதத்தில் யூ.ஜே. கிராஸ் (ஷாஃப்ட் முனையின் மடங்கு மூட்டு) தேய்ந்து சத்தம் போடும். ஒன்று, டானா 18-ஐ அடாப்டர் வழியாகத் தக்கவைக்க வேண்டும்; அல்லது இரண்டு ஆக்சிலையும் மாற்ற வேண்டும். நடுவழி கிடையாது.

ஆகவே அளவெடுப்பது பின்னாலிருந்து தொடங்க வேண்டும். வண்டியைச் சமதளத்தில், நான்கு சக்கரத்திலும் எடை தாங்கும்படி நிறுத்துங்கள். ஜாக்கியில் தூக்கி வைத்து எடுத்த அளவு பொய். முதலில் டிரான்ஸ்ஃபர் கேஸின் இடம், பிறகு கியர் பெட்டி, அதன் பிறகே எஞ்சின். ஷாஃப்ட்டின் இரு முனைக் கோணமும் ஒரு டிகிரி வித்தியாசத்துக்குள் சமமாக வர வேண்டும். எஞ்சின் எங்கே நிற்கிறதோ அதற்குத் தக்கபடி அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்பைப் பாருங்கள்: ஸ்பிரிங் பட்டை முழுக்க அமுங்கி முன் ஆக்சில் மேலே வரும்போது சம்ப் அதன்மேல் மோதக்கூடாது. மோதும் என்றால் சம்பை வெட்டி வெல்டிங் செய்யலாம், ஆனால் ஆயில் உறிஞ்சும் குழாயையும் அதற்கேற்ப நகர்த்த வேண்டும். இதை மறந்துவிட்டால் செங்குத்து ஏற்றத்தில் ஆயில் பின்னால் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுத்து, பேரிங் போய்விடும்.

எஞ்சினையும் கியர் பெட்டியையும் இணைக்க லேத்தில் கடைந்த அடாப்டர் பிளேட் பற்றி ஒரு வார்த்தை. துளைகள் பொருந்தினால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். பிளைவீலில் முள் வைத்த அளவுக்கருவியான டயல் கேஜைப் பொருத்தி, கிராங்க்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, பெல் ஹவுசிங்கின் (கிளட்சை மூடும் கூடு) நடுத்துளையில் முள்ளை ஓட்டிப் பாருங்கள். மொத்த ஆட்டம் 0.25 மில்லிமீட்டரைத் தாண்டினால் மையம் விலகியிருக்கிறது என்று அர்த்தம். அப்படியே மாட்டினால் முதலில் கிராங்க் முனையில் உள்ள ஸ்பைகாட் பேரிங் கத்தும், பிறகு கிளட்ச் பிளேட்டின் நடு ஹப் உடையும், கடைசியில் கியர் தானாக நழுவத் தொடங்கும். பழி அப்போது கிளட்ச் கம்பெனி மேல் விழும்.

மவுண்டிங்கில் இன்னொரு தவறு பரவலாக நடக்கிறது. பழைய ஜீப்பின் சேஸ் முறுக்கிக்கொடுத்தே பள்ளத்தைக் கடக்கும். எஞ்சினுக்கு இரண்டு, கியர் பெட்டிக்கு ஒன்று என மூன்று புள்ளியில் தாங்கினால் அந்த முறுக்கு எஞ்சினுக்குப் போகாது. பலமாக இருக்கட்டும் என்று நான்கு மூலையிலும் கெட்டியாக வெல்டிங் வைத்தால் சேஸின் முறுக்கை எல்லாம் பெல் ஹவுசிங் வாங்கும். அதன் காது உடையும். முன் குறுக்குச் சட்டத்தை இடம் போதவில்லை என்று வெட்டுவதை எந்தக் காரணத்துக்காகவும் ஒப்புக்கொள்ள முடியாது.

பெட்ரோலிலிருந்து டீசலுக்கு வரும்போது டேங்க்கில் ஒரு வேலை உண்டு. பழைய டேங்க்கில் எண்ணெய் போகும் வழி மட்டும்தான் இருக்கும். டீசலுக்குத் திரும்பி வரும் வழியும் வேண்டும். ரிட்டர்ன் குழாயை உறிஞ்சும் குழாய்க்குப் பக்கத்திலேயே விட்டால் சூடான, நுரைத்த டீசலையே பம்ப் மறுபடி இழுக்கும். எதிர் மூலைக்குக் கொண்டுபோக வேண்டும். துத்தநாகம் பூசிய குழாய், இணைப்பு எதுவும் கூடாது. டீசல் துத்தநாகத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு போய் இன்ஜெக்டரில் படியவிடும். ஐம்பது வருடத் துருவைக் கழுவாத டேங்க்கில் காமன் ரயில் பம்ப்பை இணைப்பது, அந்தப் பம்ப்பைக் குப்பையில் போடுவதற்குச் சமம். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் கட்டாயம். எஞ்சின் ஓடும்போது ரயில் குழாயின் நட்டைத் தளர்த்திக் காற்று எடுக்கும் பழைய டீசல் பழக்கத்தை இங்கே காட்டக்கூடாது. உள்ளே 1,000 பாருக்கு மேல் அழுத்தம். அந்தப் பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். காயம் ஊசி குத்தியதுபோல் தெரியும்; உடனே அறுவை சிகிச்சை இல்லாவிட்டால் விரலையே இழக்க நேரிடும்.

வயரிங்: எஞ்சின் வாங்கும்போது ஈ.சி.யு. (எஞ்சினை இயக்கும் கணினி), முழு வயரிங், சாவி, இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு), ஆக்சிலரேட்டர் பெடல் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். சாவி வேறு, ஈ.சி.யு. வேறு என்றால் ஸ்டார்ட்டர் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. எஞ்சினிலிருந்து சேஸுக்கும் பாடிக்கும் தனித்தனி எர்த் பட்டை போடுங்கள். பெயின்டைச் சுரண்டாமல் போல்ட் போட்ட எர்த், பாதிப் பழுதுகளுக்குத் தாய். ஈ.சி.யு.வை டேஷ்போர்டுக்குள் உயரத்தில் வையுங்கள். ஓடை தாண்டும் வண்டி இது.

ரேடியேட்டரைப் பொறுத்தவரை மலையேற்றத்தை வைத்தே முடிவெடுக்க வேண்டும். கொழுக்குமலை மாதிரிப் பாதையில் லோ கியரில் நடைவேகத்தில் ஏறும்போது எதிர்க்காற்று கிடையாது. ஃபேன் இழுப்பதுதான் காற்று. ஷ்ரவுட் (ஃபேனைச் சுற்றிய கூடு) இல்லாத ஃபேன் அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கும். ஃபேன் இலையின் பாதி அகலம் ஷ்ரவுட்டுக்குள் இருக்கட்டும். இறங்கும்போது வேறு ஒரு வித்தியாசம் தெரியும்: பெட்ரோல் எஞ்சினில் திராட்டில் மூடியதும் கிடைக்கும் அந்தப் பிடிப்பு டீசலில் அவ்வளவு இருக்காது. பிரேக்கின் வேலை கூடும். ஒரே சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டரோடும் சின்ன டிரம்மோடும் 105 குதிரைத்திறனை ஓட்டுவது தற்கொலை. முன், பின் பிரேக்குக்குத் தனித்தனி வழி உள்ள டாண்டம் சிலிண்டரும் முன்னால் டிஸ்க்கும் வேண்டும். சிலிண்டர் பழைய இடத்திலேயே தளத்துக்குக் கீழே இருந்தால் எண்ணெய் பின்னோக்கி வடியாமல் இருக்க டிஸ்க் குழாயில் 2 பி.எஸ்.ஐ., டிரம் குழாயில் 10 பி.எஸ்.ஐ. ரெசிடுவல் வால்வு (குழாயில் சிறிது அழுத்தத்தை நிறுத்தி வைப்பது) தேவை. பெட்ரோல் எஞ்சினின் உறிஞ்சலில் ஓடும் வேக்குவம் வைப்பர் உள்ள வண்டியில் டீசல் போட்டதும் அது நின்றுவிடும். மின்சார வைப்பருக்கு மாறுங்கள். மழையில் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் அல்ல இது.

இத்தனைக்கும் பிறகும் எஞ்சின் மாற்றித்தான் ஆக வேண்டும் என்பவர்களுக்கு என் பரிந்துரை, மெக்கானிக்கல் பம்ப் கொண்ட மஹிந்திராவின் 2,523 சி.சி. டி.ஐ. டர்போ. 63 குதிரைத்திறன், 180-க்குச் சற்று மேல் நியூட்டன் மீட்டர். ஈ.சி.யு. இல்லை. அதன் உச்சத்திறன் 3,200 சுற்றில், அதாவது 5.38 ஆக்சிலில், நேரடி டாப் கியரில், வண்டி 80-க்கு மேல் பெரிதாகப் போகாது. சிலருக்கு அது குறை. இந்தச் சேஸுக்கும் இந்த ஸ்டீயரிங்குக்கும் அதுதான் வரம்பு என்பது என் கருத்து.

கட்டுரை தொடாத சட்டப் பக்கம் ஒன்று இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் இதை உறுதி செய்தது. மீறினால், அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எஞ்சின் எண் ஆர்.சி.யோடு பொருந்தாத வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீட்டிலும் சிக்கல் வரும். எனவே எஞ்சின் வாங்கும் முன்பே, வாங்கப்போகும் எஞ்சினின் பில்லோடும் எண்ணோடும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

2021 ஜூலையில் வந்த விதிகள்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிக்கு 'வின்டேஜ்' பதிவும் 'விஏ' வரிசை எண்ணும் கிடைக்கும். சேஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது என்பது நிபந்தனை. கட்டுரையில் உள்ள ஜீப் அந்த வயதுக்கு அருகில்தான் இருக்க வேண்டும். டீசல் இறங்கிய நிமிடமே அந்த வாசல் மூடிவிடுகிறது.

அதனால் கழற்றிய ஹரிக்கேனைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். தண்ணீரை முழுதாக வடித்து, நான்கு பிளக் துளையிலும் இரண்டிரண்டு மேசைக்கரண்டி ஆயில் விட்டு, கிராங்க்கைக் கையால் சில சுற்று சுற்றி, எல்லாத் துவாரங்களையும் அடைத்து, மரக்கட்டை மேல் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரைச் சுற்று சுற்றிவிடுங்கள். எண் பொறித்த இடத்தைச் சுரண்டாமல் கிரீஸ் தடவி வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய ஜீப் மெக்கானிக்,
மேட்டுப்பாளையம்.