இருபத்தோரு ஷிப்டுக்கு மூன்று நர்ஸ்

தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும் பொது சுகாதாரத் துறை இயக்குநர் அவர்களுக்கும், இராமநாதபுரம் கடலோரத்தில் செவிலியர் பணியும் பயிற்சியும் அறிந்தவர்கள் எழுதும் திறந்த மடல்.

வணக்கம்.

ஆயிரம் பேருக்கு மூன்று செவிலியர் வேண்டும் என்பது எல்லோரும் எடுத்துச் சொல்லும் அளவு. நம் நாட்டில் 1.96 பேர் இருப்பதாக நாடாளுமன்றத்தில் பதில் தரப்பட்டிருக்கிறது. அந்த எண் மாநில செவிலியர் கவுன்சில்களின் பதிவேட்டிலிருந்து எடுத்தது. பதிவேட்டில் பெயர் ஏறும், லேசில் இறங்காது. துபாய்க்கும் லண்டனுக்கும் போனவர், கல்யாணத்தோடு வேலையை விட்டவர், ஏ.என்.எம். என்ற துணைச் செவிலியர் படிப்பை முடித்துப் பிறகு ஜி.என்.எம். என்ற செவிலியர் பட்டயமும் படித்து இரண்டு ஏட்டிலும் இருப்பவர் என எல்லோரும் அதில் உண்டு. தொண்டிப் பக்கம் ராத்திரி இரண்டு மணிக்கு வலி எடுத்தவளுக்கு அந்தத் தசமக் கணக்கால் ஒன்றும் ஆகப்போவதில்லை. தலையை எண்ணுவதை விட்டு ஷிப்டை எண்ணுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூன்று ஸ்டாஃப் நர்ஸ் என்பது வழக்கம். ஒரு நாளைக்கு மூன்று ஷிப்ட், வாரத்துக்கு 21. வார விடுப்பு எடுத்தால் ஒருவர் பார்ப்பது ஆறு. மூவரும் சேர்ந்து 18. மிச்சமுள்ள மூன்று ஷிப்டுக்கு ஆளே கிடையாது. வருடக் கணக்கு இன்னும் மோசம். மொத்தம் 1,095 ஷிப்ட். 365 நாளில் வார விடுப்பு 52, தற்செயல் விடுப்பு 12, ஈட்டிய விடுப்பு 30 போனால் ஒருவருக்கு 271 நாள். வகுத்தால் நாலுக்குச் சற்று மேல். அரசு விடுமுறையையும் மருத்துவ விடுப்பையும் சேர்த்தால் ஐந்து பேர் இல்லாமல் நடக்காது. இதில் ஒருவர் மகப்பேறு விடுப்பில் போனால் 2021 முதல் பன்னிரண்டு மாதம். விடுப்பு நியாயமானது, அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தில்லை. அந்த ஒரு வருடத்துக்குப் பதில் ஆள் யார் என்பதுதான் கேள்வி. மீதி இருவரும் ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் மாறி மாறி நின்றால் வாரத்துக்கு 84 மணி நேரம்.

அந்த இரவில் லேபர் வார்டில் என்ன ஆகும் என்று பாருங்கள். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்குக் கர்ப்பப்பையை இறுக வைக்கும் ஆக்சிடோசின் ஊசி 10 யூனிட் தசையில் போட வேண்டும். பிறகு இரண்டு மணி நேரத்துக்கு, கால் மணிக்கு ஒரு தடவை கர்ப்பப்பை இறுகியிருக்கிறதா என்று வயிற்றைத் தொட்டுப் பார்த்து, உதிரப்போக்கு, நாடி, ரத்த அழுத்தம் குறிக்க வேண்டும். எட்டுத் தடவை. பக்கத்துக் கட்டிலில் இன்னொருத்தி வலியில் இருந்தால் அரை மணிக்கொரு முறை குழந்தையின் இதயத் துடிப்பு, வலியின் எண்ணிக்கை பார்த்து, பிரசவ முன்னேற்றத்தைக் காட்டும் பார்ட்டோகிராஃப் வரைபடத்தில் குறிக்க வேண்டும். ஒரே நர்ஸ் என்றால் முதலில் விடுபடுவது அந்தக் கால் மணிச் சோதனைதான். ஏனென்றால் பிரசவம் முடிந்தவள் அமைதியாகப் படுத்திருப்பாள், வலியில் இருப்பவள் கத்துவாள். கர்ப்பப்பை தளர்ந்து ரத்தம் போவது சத்தமில்லாமல் நடக்கிற காரியம். கவனிக்கும்போது துணி நனைந்திருக்கும். அப்போது 108-ஐ அழைத்து, தாயோடு நர்ஸும் ஏற வேண்டி வந்தால் மற்றவளுக்கு யார்? சாயல்குடியிலிருந்தோ இராமேஸ்வரத்திலிருந்தோ இராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர்.

(ஆக்சிடோசினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். கரண்ட் போகிற ஊரில் ஃப்ரிட்ஜ் வெப்பநிலையைக் காலையும் மாலையும் எழுதுவதும் இதே நர்ஸின் வேலை.)

இனி கிராம சுகாதார செவிலியர். துணை சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் 5,000 பேர்; மலைக்கும் பழங்குடிப் பகுதிக்கும் எளிதில் போக முடியாத இடத்துக்கும் 3,000 என்பது விதி. எங்கள் கடற்கரையைச் சமவெளி என்று எழுதிவிடுகிறார்கள். மேடு பள்ளம் இல்லைதான். ஆனால் மோர்ப்பண்ணை, முள்ளிமுனை, காரங்காடு மாதிரி ஊர்கள் கழிமுகத்தை ஒட்டிச் சிதறிக் கிடப்பவை. பஸ்ஸை விட்டால் நடைதான். அதோடு 5,000 என்ற கணக்கே இங்கே நிற்காது. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வருகிறவள் வேறு மாவட்டத்தில் பிக்மி எண் என்ற கர்ப்பிணிப் பதிவு எண் வாங்கியிருப்பாள், பிரசவம் இங்கே. இராமேஸ்வரம் யாத்திரிகர்களும் ஏர்வாடி தர்காவில் மாதக்கணக்கில் தங்கும் நோயாளிகளும் மக்கள்தொகைக் கணக்கில் வரவே மாட்டார்கள்.

ஒருவருக்குப் பக்கத்து நிலையத்தையும் கூடுதல் பொறுப்பாகக் கொடுக்கும்போது தடுப்பூசி நாளை மறந்துவிடாதீர்கள். தடுப்பூசி போடும் புதன்கிழமை வாரத்தில் ஒன்றுதான், அன்று ஒருவரே இரண்டு இடத்திலும் இருக்க முடியாது.

ரத்தசோகைக்கும் ஆள் வேண்டும். ஹீமோகுளோபின் குறைந்த கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து மருந்தான அயர்ன் சுக்ரோஸ் 200 மில்லிகிராமை 100 மில்லி சலைனில் கலந்து ஏற்றும்போது ஒவ்வாமை வருகிறதா என்று ஒருவர் பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும். ஆள் இல்லாத நாளில் மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுவது எளிது. பாசி எடுக்கக் கடலில் இறங்குகிற பெண் மறுபடி வர ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். பெரும்பாலும் வருவதில்லை.

செய்ய வேண்டியவற்றில் முதலாவது, கடலோர வட்டாரங்களை 3,000 விதிக்குள் கொண்டுவருவது. அடுத்து, பிரசவம் பார்க்கும் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஐந்து நர்ஸ். அது உடனே முடியாதென்றால் வட்டாரத்துக்கு இரண்டு விடுப்பு நிரப்புப் பணியிடமாவது தாருங்கள். இவர்களை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது. மாற்றுப்பணியில்தான் கணக்கு பொய்யாகிறது. ஆள் வேறு ஊரில் வேலை பார்ப்பார், இங்கே ‘பணியிடம் நிரப்பப்பட்டது’ என்றே ஏட்டில் இருக்கும்.

கடலோரத்தில் வேலை பார்ப்பவர்களுக்குத் தனிப் படி கொடுப்பதில் எங்களுக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. 2015-ல் நர்ஸ்களை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்த்து, பிறகு 18,000 வரை உயர்த்தியதும் ஆளைத் தங்க வைக்கவில்லை. நிரந்தரப் பணி வேண்டும். குடியிருப்பு வேண்டும், அதன் குழாயில் உப்பில்லாத தண்ணீர் வர வேண்டும். இரண்டு வருட ஏ.என்.எம். படிப்பில் இந்த வட்டாரங்களின் பெண்களுக்குத் தனி இடம் ஒதுக்கினால் கலந்தாய்வில் ஊர் மாற்றம் கேட்டு நிற்பவர் குறைவார்கள். சொந்த ஊரில் வேலை கிடைத்தவருக்கு எங்கே போக வேண்டும்?

கடைசியாக ஒரு அட்டவணை. மாதாமாதம், நிலைய வாரியாக, துறையின் இணையதளத்தில்: அனுமதித்த பணியிடம், உண்மையில் பணியில் இருப்பவர், மாற்றுப்பணியில் போனவர், நீண்ட விடுப்பில் உள்ளவர், நர்ஸ் இல்லாமல் போன இரவு ஷிப்ட் எத்தனை. அட்டவணையின் இந்த ஐந்தாவது கட்டத்தை மட்டும் தயவுசெய்து யாரும் பூஜ்யம் போட்டு நிரப்பிவிடாமல், டூட்டி ரிஜிஸ்டரின் நகலோடு சேர்த்து வாங்குங்கள்.

இப்படிக்கு,
இராமநாதபுரம் கடலோரச் செவிலியர் பணி அறிந்தோர்