போர் நடத்திய நாடாளுமன்றமும் அதன் வாசலில் நின்ற மனுதாரர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நடந்த உள்நாட்டுப் போரைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மன்னர் முதலாம் சார்லசை நாடாளுமன்றம் வென்றதற்கு அதன் தளபதிகளில் ஒருவரான ஆலிவர் கிராம்வெல்லின் குதிரைப்படையே காரணம் என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தபோது நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பணி ஓய்வுக்குப் பிறகுதான், அந்த நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபையின் நடவடிக்கைக் குறிப்பேடுகளை ஆற அமரப் படிக்க வாய்த்தது. அவற்றில் சில நூறு பக்கங்களைக் கடந்தவருக்கு, அந்தக் குதிரைகளின் கொள்ளுக்கும் லாடத்துக்கும் பணம் கொடுத்தவர் யார் என்று கேட்காமல் போர்க்களத்துக்குப் போக மனம் வராது.

1640 நவம்பர் 3-ஆம் நாள் கூடிய அந்த நாடாளுமன்றம், போர் மூண்ட பிறகும் கலையாமல் வெஸ்ட்மின்ஸ்டரில் புனித ஸ்டீபன் சிற்றாலயத்தில் தொடர்ந்து கூடியது. குறிப்பேட்டில் உறுப்பினர்களின் சொற்பொழிவுகள் இல்லை. சபை எடுத்த முடிவுகள் மட்டுமே உள்ளன. படைப்பிரிவு ஒன்றின் சம்பள பாக்கி, வெடிமருந்து வாங்க அனுமதி, போரில் இறந்த அதிகாரியின் மனைவி கொடுத்த மனு, அதை விசாரிக்க ஒரு குழு, மாதாந்தர நோன்பு நாளில் பிரசங்கம் செய்த போதகருக்கு நன்றி என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத செய்திகள் ஒரே பக்கத்தில் வரிசையாக நிற்கும். முதலில் சலிப்பூட்டும் இந்தப் பக்கங்கள், பணம் கேட்பவரும் நியாயம் கேட்பவரும் ஒரே ஆள்தான் என்பது பிடிபட்டதும் விறுவிறுப்பாகிவிடுகின்றன.

பணத்தின் கதையை முதலில் சொல்கிறேன். 1642 ஜூன் மாதம், குதிரையோ ரொக்கமோ வெள்ளிப் பாத்திரமோ கொண்டுவந்து கொடுங்கள், நாட்டின் பெயரால் நாங்கள் பொறுப்பேற்று 8 விழுக்காடு வட்டியுடன் திருப்பித் தருகிறோம் என்று நாடாளுமன்றம் மக்களைக் கேட்டுக்கொண்டது. லண்டன் கில்ட்ஹால் மண்டபத்தில் வெள்ளி குவிந்தது. ஏழைப் பெண்கள் தைக்கும்போது விரலில் மாட்டும் வெள்ளிக் குப்பியையும் கொண்டை ஊசியையும் கூடக் கொடுத்தார்கள் என்று மன்னர் தரப்பினர் ஏளனம் செய்தார்கள். எனக்கு அது ஏளனத்துக்குரியதாகத் தோன்றவில்லை. ஆனால் கொண்டை ஊசியை வைத்து ஒரு படைக்கு எத்தனை வாரம் சோறு போட முடியும்? ஆகஸ்ட் 22-ஆம் நாள் மன்னர் நாட்டிங்ஹாமில் போர்க்கொடி ஏற்றினார். அக்டோபர் 23-இல் எட்ஜ்ஹில்லில் முதல் பெரும் சண்டை நடந்தது. அதற்குள் தன்விருப்பக் கொடையின் ஊற்று வற்றத் தொடங்கியிருந்தது.

பிறகு வந்தவை எல்லாம் கட்டாயம். 1642 நவம்பரில், தாமாக முன்வராதவர்களின் உடைமையை மதிப்பிட்டுப் பங்கு வசூலிக்க ஒரு குழு அமைந்தது. 1643 பிப்ரவரி 24-இல் வாராந்தர வரி வந்தது. அடுத்த மாதம், மன்னருக்குத் துணைபோனவர்களின் நிலங்களைக் கையகப்படுத்தி வருவாயை எடுத்துக்கொள்ளும் ஆணை பிறந்தது. ஜூலை 22-இல், நாம் இன்று கலால் வரி என்று சொல்லும் வகை வரி இங்கிலாந்தில் முதன்முறையாக விதிக்கப்பட்டது. மன்னரின் ஒப்புதல் இல்லாததால் இவற்றைச் சட்டம் என்று சொல்ல முடியாமல் ‘ஆர்டினன்ஸ்’ என்றார்கள். நம் நாட்டில் நாடாளுமன்றம் கூடாத நாட்களில் அதைக் கேட்காமல் அரசு பிறப்பிப்பதற்குத்தான் அந்தப் பெயர். அங்கோ மன்னரைக் கேட்காமல் நாடாளுமன்றம் பிறப்பித்ததற்கு அதே பெயர். ஒரு சொல் இப்படித் தலைகீழாகக் கடல் தாண்டி வந்திருப்பதை எண்ணி நான் சிரித்ததுண்டு.

இதில் இன்னொரு முரண் இருக்கிறது. அதைக் கட்டுரையாளர் தொட்டிருக்கலாம். மன்னர் நாடாளுமன்றத்தைக் கேட்காமல் வசூலித்த கப்பல் வரியில் தமக்கு விதிக்கப்பட்ட 20 ஷில்லிங்கை, அதாவது ஒரு பவுண்டை, கட்ட மறுத்து வழக்காடியதால் புகழ்பெற்றவர் ஜான் ஹாம்ப்டன். அந்த வரி நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் பவுண்டு. 1645-இல் ஒரே ஒரு படைக்காக நாடாளுமன்றம் தன் பிடியில் இருந்த மாவட்டங்கள் மீது விதித்த வரியோ மாதத்துக்கு 53,000 பவுண்டுக்கு மேல், அதாவது ஆண்டுக்கு ஆறு லட்சத்தைத் தாண்டியது. கொடுமை என்று எதிர்த்த சுமையைப் போல் மூன்று மடங்கை நாடாளுமன்றமே மக்கள் தலையில் ஏற்றியது. 1643 ஜூனில் போர்க்காயத்தால் இறந்துபோன ஹாம்ப்டன் அதைப் பார்க்கவில்லை. சபையில் கலால் வரிக்காக முன்னின்று வாதாடிய உறுப்பினர் ஜான் பிம்மும் அதே ஆண்டு டிசம்பரில் இறந்துவிட்டார். அவர் விட்டுச்சென்ற வரி நிலைத்தது. பீர், புகையிலை என்று தொடங்கியது, 1644 தொடக்கத்தில் இறைச்சிக்கும் உப்புக்கும் நீண்டது. இனி வரவிருக்கும் கலால் வசூலை ஈடாகக் காட்டி இன்றைக்கே வணிகர்களிடம் கடன் வாங்கலாம் என்பதுதான் அதன் உண்மையான பலம். 1647 பிப்ரவரியில் லண்டன் ஸ்மித்ஃபீல்டு சந்தையில் கூட்டம் திரண்டு கலால் அலுவலகத்தைக் கொளுத்திய பிறகுதான் இறைச்சி, உப்பு ஆகியவற்றின் மீதான வரி நீங்கியது.

இனி மனுக்கள். மனுதாரர் தமக்குத் தெரிந்த உறுப்பினர் ஒருவரைப் பிடிப்பார், உறுப்பினர் அதைச் சபையில் கொடுப்பார், எழுத்தர் படிப்பார், பெரும்பாலும் அது ஏதாவதொரு குழுவுக்குப் போகும். குழுக்கள் லண்டனின் வணிகர், கைவினைஞர் சங்கங்களுக்குரிய மண்டபங்களில் கூடின. பொற்கொல்லர் மண்டபத்தில் அமர்ந்த குழு, மன்னர் பக்கம் நின்ற நிலவுடைமையாளர்கள் தம் சொத்தின் மதிப்பில் ஆறில் ஒன்று, மூன்றில் ஒன்று என அபராதம் கட்டி நிலத்தை மீட்டுக்கொள்ள வழி செய்தது. மீட்பதற்கும் மனுதான் போட வேண்டும். நிலம் பறிபோன எதிரியின் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் அதன் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு வரை கொடுக்கலாம் என்று 1643 ஆகஸ்டில் விதி வகுத்தார்கள். கணவன் எதிரணியில் வாள் ஏந்தி நிற்க, மனைவி இந்த அணியின் குழு முன் வந்து தன் ஐந்திலொரு பங்கைக் கேட்டு நின்றாள். போரின் நடுவில் எதிரியின் குடும்பத்துக்கு வாசலைத் திறந்து வைத்திருந்ததை அந்த நாடாளுமன்றத்தின் பெருமைகளில் ஒன்றாகவே நான் எண்ணுகிறேன்.

எல்லா மனுவுக்கும் அந்த வாசல் திறக்கவில்லை. அதே ஆகஸ்டில், சமாதானம் வேண்டும் என்று தொப்பியில் வெள்ளை நாடா அணிந்த பெண்கள் பெருந்திரளாக வெஸ்ட்மின்ஸ்டருக்கு வந்தார்கள். 9-ஆம் நாள் அவர்களுடைய மனு வாங்கிக்கொள்ளப்பட்டது. தாங்களும் சமாதானத்தையே நாடுகிறோம் என்று உறுப்பினர்கள் வந்து சொன்னார்கள். பெண்கள் கலையாமல் கதவை முற்றுகையிட்டபோது குதிரைவீரர்கள் ஏவப்பட்டு உயிர்ச்சேதம் நேர்ந்தது. உதவித்தொகை கேட்ட விதவையின் மனுவுக்கு ஒரு தலைப்பைத் தேடிக் கணக்கில் எழுத முடிந்த சபைக்கு, போரே வேண்டாம் என்ற மனுவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியவில்லை.

படைகளின் நிலைமை 1644 வரை கவலைக்கிடமாகவே இருந்தது. வரிப்பணம் அந்தந்த மாவட்டப் படைகளோடு நின்றுவிடும். தொலைவில் சண்டையிட்ட படைக்குச் சம்பளம் வராது. லண்டன் நகரப் படையினர் போர்முனையிலேயே ‘வீட்டுக்கு, வீட்டுக்கு’ என்று கூச்சலிட்டார்கள். 1645 பிப்ரவரியில் ஏறத்தாழ 22,000 பேரைக் கொண்ட புதிய படை ஒன்றை ஃபேர்ஃபாக்சின் தலைமையில் அமைக்க நாடாளுமன்றம் முடிவு செய்தபோது, அதற்கென்று தனி வரியையும் பொருளாளர்களையும் கூடவே அமைத்தது. காலாள் வீரனுக்கு நாளுக்கு 8 பென்ஸ். குதிரை வீரனுக்கு 2 ஷில்லிங், குதிரைத் தீவனமும் அதிலேயே. ஜூன் 14-இல் நேஸ்பி களத்தில் மன்னரின் முதன்மைப் படையை நொறுக்கியது இந்தப் படைதான். கிராம்வெல்லின் திறமையை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. அவருடைய வீரர்கள் சம்பளம் வரும் என்ற நம்பிக்கையோடு களத்தில் நின்றார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்கிறேன்.

வென்றபின் அந்த நம்பிக்கையைக் கெடுத்துக்கொண்டதும் அதே சபைதான். 1647 மார்ச் மாதம், ஒரு பகுதியினரை அயர்லாந்துக்கு அனுப்பிவிட்டு மற்றவர்களைக் கலைத்துவிடத் திட்டமிட்டபோது, காலாட்படைக்கு 18 வாரச் சம்பளமும் குதிரைப்படைக்கு 43 வாரச் சம்பளமும் பாக்கி. வீரர்கள் தளபதி வழியாகக் கொடுக்க ஒரு மனுவைத் தயாரித்தார்கள். பாக்கியைத் தாருங்கள், போரில் செய்த செயல்களுக்காகப் பின்னால் எங்கள் மீது வழக்கு வராமல் காப்பு அளியுங்கள், உறுப்பிழந்தவர்களையும் விதவைகளையும் அநாதைகளையும் கவனியுங்கள் என்பவையே அதன் முக்கியக் கோரிக்கைகள். இவற்றில் எதுவும் அந்தச் சபைக்குப் புதிதன்று; ஐந்தாண்டுகளாகத் தனித்தனி மனுக்களாகக் கேட்டுக்கேட்டுப் பழகியவைதான். ஆனால் மார்ச் 29-ஆம் நாள் இரவு, உறுப்பினர்கள் பலர் கிளம்பிவிட்ட வேளையில், உறுப்பினர் டென்சில் ஹோல்ஸ் எழுதிய கண்டன அறிக்கையைச் சபை ஏற்றது. இந்த மனுவைத் தொடர்ந்து வலியுறுத்துவோர் நாட்டின் எதிரிகளாகக் கருதப்படுவர் என்று அது எச்சரித்தது. கலைந்து போகிறவர்களுக்குக் கொடுக்க முன்வந்த தொகை முதலில் 6 வாரச் சம்பளம், பிறகு 8 வாரம்.

மனுவைக் குழுவுக்கு அனுப்பிக் காலம் கடத்தியிருந்தாலும் கூடத் தப்பித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வீரர்கள் தமக்குள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகஸ்டில் படை லண்டனுக்குள் நுழைந்தது. 1648 டிசம்பர் 6-ஆம் நாள் அந்தப் படையின் கர்னல் பிரைடு சபையின் வாசற்படியில் நின்று, எந்த உறுப்பினர் உள்ளே போகலாம் என்று முடிவு செய்தார். தலைகீழாகிவிட்டது நிலைமை. மனு கொடுக்க வந்தவர்கள் காத்துநின்ற அதே வாசலில் இப்போது உறுப்பினர்கள் தடுத்து நிறுத்தப்பட்டார்கள்.

அந்தக் கண்டன அறிக்கை வெளியான இரண்டே மாதத்தில், 1647 மே 28-இல், காயம்பட்ட வீரர்களுக்கும் விதவைகளுக்கும் அவரவர் மாவட்டத்திலேயே உதவித்தொகை கிடைக்க வழிசெய்யும் ஆணை வந்தது. மேலதிகாரியிடம் சான்றிதழ் வாங்கி உள்ளூர் நீதிபதிகள் முன் மனு போட வேண்டும். சான்றிதழ் தர வேண்டிய அதிகாரியே போரில் இறந்திருந்தால் என்ன செய்வது என்று அந்த விதவை அலைந்திருப்பாள்; நம் ஊர்த் தாலுகா அலுவலக வராந்தாவில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இடையில் ஒழிக்கப்பட்டிருந்த முடியாட்சி திரும்பியபின் 1662-இல் புதிய சட்டம் ஒன்று வந்தது. இம்முறை மன்னருக்காகப் போரிட்டு உறுப்பிழந்தவர்கள் சான்றிதழோடு நீதிபதிகள் முன் நின்றார்கள். நாடாளுமன்றத்துக்காகப் போரிட்டவர்களுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

கட்டுரை தொடராக வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அடுத்த பகுதியில் மன்னரின் விசாரணைக்குப் போகும் முன், இந்தக் கணக்குகளுக்கும் மனுக்களுக்கும் கட்டுரையாளர் ஒரு பத்தியாவது ஒதுக்க வேண்டும் என்று தங்கள் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.